ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்

சாவியைக் கொடுத்த அன்று மாலை திவ்யா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பால்வாடி டீச்சர் அவள். பாத்திரம் பண்டங்களை ஒப்படைத்து, அரிசி மூட்டையைக் காட்டி, எல்லாம் முடித்துப் பூட்டப் போகும்போது, நான் பின்கதவைத் திறந்துகொண்டு போனேன். ஆளில்லாத சிமெண்டுத் தரையைப் பார்த்து "ஏழு" என்று கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"யாரை டீச்சர் கூப்ட்டீங்க?"

"யாரையும் இல்லம்மா. பூட்டு."

அவள் விடுகிற ஆள் இல்லை. போன வாரம் போன் செய்தாள். "கொழந்தைங்களுக்கு நம்பர் சொல்லிக் குடுக்க நீங்க வெச்சிருந்த ஆட்டம்லாம் எழுதித் தாங்க டீச்சர். ஆபீஸ்ல ட்ரைனிங் கீது, என்னைப் பேசச் சொல்லிக்கீறாங்க" என்றாள். அதோடு நிற்கவில்லை. "அப்டியே அந்த ஏழு யாருன்னும் எழுதிடுங்க. சாயங்காலத்துல பின்பக்கம் போகவே எனக்கு பேஜாரா கீது." ஏதோ பேய் பிசாசு என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. ஆட்டத்தையும் அந்த ஏழு யார் என்பதையும் தனித்தனியாக எழுத என்னால் ஆகாது. அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் பயந்தாங்கொள்ளி. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்கள் பால்வாடிக்கு ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் மதில் சுவர், இன்னொரு பக்கம் ஏரி. முன்னால் லாரி போகிற ரோடு. இந்த மூன்றுக்கும் நடுவில் ஊரார் பெற்ற பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்தி தைரியமாக இருந்தாள் என்றால் அவளுக்குப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். காலையில் அம்மாக்கள் கம்பெனி வேனில் ஏறும்போது என் வயிற்றில் ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் அவர்கள் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்ட பிறகுதான் அது இறங்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் பாட்டும் கைதட்டும்தான் அதிகம். "ஒண்ணு ரெண்டு மூணு" என்று ராகம் போட்டுப் பாட வைத்தால் போதும், பிள்ளைக்கு எண் வந்துவிட்டது என்று நானும் நம்பினேன். பிள்ளைகள் மழை கொட்டுகிற மாதிரி பத்து வரைக்கும் ஒப்பிப்பார்கள். தாய்மார்களுக்கு வாயெல்லாம் பல். எனக்கும் பெருமை தாங்காது.

அந்தப் பெருமையை, தான் வந்த முதல் நாளே போட்டு உடைத்தவர் சகுந்தலா மேடம். எங்கள் சூப்பர்வைசர். கடம்பத்தூரில் வீடு. ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி வந்து சேருவார். மற்ற அதிகாரிகள் வந்தால் நாற்காலியைத் தேடுவார்கள். இவர் செருப்பை வாசலில் விட்டு, குடையை மூலையில் சாத்தி, பிள்ளைகளோடு பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அதட்டல் கிடையாது, சிரிப்பும் கிடையாது.

அன்றைக்கு ஒரு பையனைக் கூப்பிட்டுப் பத்து வரைக்கும் சொல்லச் சொன்னார். சொன்னான். தன் பையிலிருந்து மூன்று பாட்டில் மூடிகளை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"எத்தினி கீதுடா, கண்ணு?"

"பத்து" என்றான் அவன், யோசிக்காமல்.

மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் விரலைப் பிடித்து, ஒரு மூடியைத் தொட வைத்து "ஒண்ணு" என்றார். விரலைத் தூக்கி அடுத்ததில் வைத்து "ரெண்டு." அதற்குப் பிறகுதான் என்னிடம் பேசினார். "இவன் பாட்டு பாட்றாம்மா. எண்ணல. வாய் ஓடற வேகத்துக்கு வெரல் ஓடாது. வெரல் ஒரு சாமானைத் தொட்டா தான் வாய் ஒரு நம்பர் சொல்லணும். அப்பதான் அது எண்ணிக்கை." அடுத்து, நான் டப்பாவில் வைத்திருந்த புளியங்கொட்டையில் ஒன்றை எடுத்துப் பையனின் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "மூக்குக்குள்ள போற எதையும் எண்ணக் குடுக்காதம்மா" என்று டப்பாவையே தன் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எங்களுக்கு எண்ணுகிற சாமான் தென்னங்குரும்பையும் பெரிய மூடிகளும்தான். சில அப்பாக்கள் கம்பெனியிலிருந்து நட்டு போல்ட்டு கொண்டு வந்து தருவார்கள். மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எனக்குக் கிறுக்கு என்று சொன்னவர்கள் உண்டு.

கிளம்புவதற்கு முன்னால் மேடம் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொரு தலையிலும் உள்ளங்கையை வைத்து எண்ணுவார். பார்வையால் எண்ண மாட்டார். எண்ணெய் தடவிய தலையோ மொட்டைத் தலையோ, உள்ளங்கை முழுசாகப் படியும். எண்ணி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு குடையை எடுப்பார். ஒவ்வொரு தடவையும் இதேதான். பதினெட்டுப் பிள்ளைகள் கண்ணெதிரில் உட்கார்ந்திருக்கும்போது தொட வேறு வேண்டுமா என்று எனக்குள் எரிச்சல்தான். வெளியே சொன்னதில்லை.

ஆனால் ஆட்டங்கள் எல்லாம் அவர் கொடுத்த நூலைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். திவ்யா, குறித்துக்கொள். முட்டை வருகிற அட்டைத் தட்டைத் தூக்கிப் போடாதே. ஒரு குழிக்கு ஒரு குரும்பை வைக்கச் சொல்லு. குழி மீந்தாலும் குரும்பை மீந்தாலும் பிள்ளையே கண்டுபிடிக்கும். வளையல் ஆட்டம் என்று ஒன்று வைத்திருந்தேன். நான் "அஞ்சு" என்றால் லட்சுமி அக்கா கையில் ஐந்து வளையல் ஏற்ற வேண்டும். லட்சுமி அக்கா எங்கள் உதவியாளர், சமையல் அவர் பொறுப்பு. நல்ல பூசின கை. ஏறின வளையல் இறங்காமல் சோப்புப் போட்டுக் கழற்றிய நாட்கள் உண்டு. "என் கை தான் கெடைச்சிதா டீச்சர் உனக்கு" என்று திட்டிக்கொண்டே மறுநாளும் கையை நீட்டுவார்.

கயிற்று ரயில்தான் பிள்ளைகளுக்கு உயிர். நீளக் கயிற்றில் பதினெட்டு முடிச்சு. ஆளுக்கு ஒரு முடிச்சு, ஆளுக்கு ஒரு நம்பர். ரோட்டைக் கடக்கும்போது முடிச்சைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு" என்று அவரவர் நம்பரைக் கத்த வேண்டும். இதில் ஒரு சிக்கல் வந்தது. நாலாம் நம்பர் லீவு போட்டால் ஐந்தாம் நம்பர் வாயைத் திறக்காது. மூன்றுக்கு அடுத்து ஐந்து எப்படி வரும் என்று முழித்துக்கொண்டு நிற்கும். அதனால் ஒரு வழக்கம் வைத்தேன். யார் வரவில்லையோ அவர்களுடைய முடிச்சைப் பக்கத்துப் பிள்ளை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, அந்த நம்பரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ரெண்டு நம்பர் சொல்லக் கிடைத்தால் அன்றைக்கு ராஜா.

கடைசியாக, எண் வீடு. பின்பக்கச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு நம்பர் எழுதுவேன். தன் நம்பரைக் கண்டுபிடித்து ஓடிப்போய் உட்கார வேண்டும். நான் அந்த நம்பரைக் கூப்பிடுகிற வரைக்கும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. வந்தால் அவுட்டு.

இந்த ஆட்டத்தில் எல்லாரையும் ஜெயிப்பவள் பிங்கி. ஒடிசாப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். எங்கள் ஊரில் அவர்கள் எல்லாருக்கும் ஒரே பெயர்தான், இந்திக்காரங்க. அப்பாவுக்கு இரும்பு மில்லில் வேலை. அம்மா, மதிலுக்கு அந்தப் பக்கம் இறால் கம்பெனியில் ஓடு உரிப்பவள். பிங்கிக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. சேர்ந்த புதிதில் மூலையில் ஒண்டிக்கொண்டு கிடப்பாள். ரயிலில் ஏழாவது முடிச்சைக் கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "ஏழு." அவள் பேசிய முதல் தமிழ் அதுதான். அதற்குப் பிறகு "பிங்கி வா" என்றால் சும்மா பார்ப்பாள். "ஏழு" என்றால் ஓடி வருவாள். எட்டாம் நம்பர் ரூபி வாயாடி. பிங்கிக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அன்றைக்கு முட்டை நாள். ஒருத்தரும் மட்டம் போடவில்லை. பின்பக்கம் எண் வீடு ஆடிக்கொண்டிருந்தோம். முதலில் கண்தான் எரிந்தது. அடுத்து நெடி. கழுவாத கக்கூஸ் நெடி, மூக்கைக் குத்திக்கொண்டு மண்டைக்கு ஏறுகிறது.

"டீச்சர், இன்னா நாத்தம் இது? கண்ணைத் தொறக்க முடில" என்று லட்சுமி அக்கா உள்ளேயிருந்து கத்தினார்.

ரோட்டில் யாரோ பைக்கை முறுக்கிக்கொண்டே கூவினார்கள். "இறால் கம்பெனில அமோனியா கேஸ் உட்டுக்கிச்சி, ஏரிப்பக்கம் ஓடுங்க." கம்பெனியில் சங்கு ஊதவில்லை, மணி அடிக்கவில்லை.

என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செய்தது முழுக்கக் கைதான், மூளை இல்லை. "எல்லாரும் உள்ள வாங்க, வாங்க" என்று கத்தினேன். குபுகுபுவென்று ஓடி வந்தார்கள். அக்கா அடுப்பை அணைத்தார். பிள்ளைகளின் சட்டையில் ஊக்கு குத்தித் தொங்கவிட்டிருந்த சின்னத் துண்டுகளை வாளித் தண்ணீரில் முக்கி முக்கி மூக்கையும் வாயையும் மூடிக் கட்டினோம். கயிற்றை எடுத்தேன். அழுகையும் இருமலுமாக ஆளுக்கு ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இரும்பு மில் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக ஏரிக்கரைக்கு நடத்திக்கொண்டு போனேன். அக்கா ரொம்பச் சின்னதுகள் இரண்டை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் வந்தார். அந்தச் சின்னக் கைகளும் முடிச்சை விடவில்லை.

கரைமேல் காற்று நன்றாக இருந்தது. பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்தேன். என் கண்ணில் நீர் வழிந்து எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. "ரயில், நம்பர் சொல்லு" என்றேன்.

ஒண்ணு. ரெண்டு. மூணு. ஈரத் துணிக்குள்ளிருந்து குரல்கள் முனகலாக வந்தன. ஆறு. ஏழு. எட்டு. அக்கா இடுப்பிலிருந்த கடைசி வாண்டு "பயினெட்டு" என்றது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எல்லாம் சரியா கீது டீச்சர். கடவுள் காப்பாத்தினான்" என்றார் அக்கா.

அப்போதுதான் போன் அடித்தது. சகுந்தலா மேடம். யாரோ சேதி சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

"கஸ்தூரி, பசங்க எங்க?"

"ஏரிக்கரைல மேடம். பதினெட்டும் கீது. எண்ணிட்டேன்."

"வாயால எண்ணினியா, கையால எண்ணினியா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. செத்துப் பிழைத்து வந்திருக்கிறேன், இப்போதும் இந்தப் பொம்பளைக்குப் பாடம் நடத்தணுமா என்று. "நம்பர் சொல்லிட்டாங்க மேடம்" என்றேன்.

"போனை வெக்காத. தொட்டு எண்ணு. நான் கேட்டுக்கினு இருக்கறேன்."

தோளில் போனை இடுக்கிக்கொண்டு எழுந்தேன். உள்ளங்கையை வைத்தேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு என்று வைத்த கை ரூபியின் தலையில் இருந்தது. அவளுடைய ரிப்பனைத் தடவிப் பார்த்தேன். துண்டை இறக்கி முகத்தைப் பார்த்தேன். ரூபிதான். ஒரு கையில் எட்டாவது முடிச்சு. இன்னொரு கையில் ஏழாவது முடிச்சு.

"ஏழுன்னு யாருடீ சொன்னது?"

"நான் தான் டீச்சர்."

"பிங்கி எங்க?"

"அவ உள்ள வர்லல்ல. அதான் நான் சொன்னேன். நீங்க தான டீச்சர் சொல்லச் சொன்னீங்க."

பயம் என்று நான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் பயமே இல்லை. போனில் மேடம் "இன்னாம்மா, இன்னாம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை அக்காவிடம் கொடுத்தேனா, கீழே போட்டேனா என்று இன்றுவரைக்கும் தெரியாது.

ஓடினேன். எதிரே ஊர் மொத்தமும் ஏரியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. "உள்ள போவாத டீச்சர், மூச்சு அடைச்சிக்கும்" என்று ஒரு ஆள் கையைப் பிடித்தார். உதறினேன். ஓடும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, அவள் எங்கே இருக்கிறாள் என்று. நான் "வாங்க, வாங்க" என்று கத்தினேன். அவளுக்கு அந்த வார்த்தை தெரியாது. நான் ஏழு என்று கூப்பிடவில்லை. கூப்பிடாமல் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது.

வாளியில் முந்தானையை முக்கி மூக்கில் வைத்துக்கொண்டு பின்கதவைத் தள்ளினேன். நெடியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஏழாவது கட்டம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மதிலோரம். நிழல் என்று நான்தான் அங்கே போட்டிருந்தேன். பிங்கி கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கவுனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு. ஒரு கால் கட்டைவிரல்கூடக் கோட்டைத் தாண்டவில்லை.

"பிங்கி" என்றேன். அசையவில்லை. "பிங்கி, வாடீ கண்ணு." தலை ஆடவில்லை. போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

"ஏழு."

இரண்டு கையையும் தூக்கினாள். முகத்திலிருந்து துணியை எடுக்காமலே, என்னைப் பார்க்காமலே, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கையும் மேலே வந்தன.

அவளைத் தூக்கிக்கொண்டு எப்படிக் கரைக்கு வந்தேன் என்று கேட்காதே. வந்தபோது பிங்கியின் அம்மா அங்கே நின்றிருந்தாள். கம்பெனித் தொப்பியும் கையுறையுமாக வேறு வாசல் வழியாக ஓடி வந்திருக்கிறாள். ஒவ்வொரு பிள்ளையின் துண்டையும் இறக்கி இறக்கி முகத்தைப் பார்த்துக்கொண்டு போனாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்க அவளுக்கும் பாஷை கிடையாது. நான் கூப்பிட்டதும் திரும்பி, பிள்ளையை என் இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். இறால் வாடையும் கேஸ் வாடையும் கலந்த அந்தக் கையுறையால் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிங்கி இருமினாள். அந்த இருமலைக் கேட்டுத்தான் நான் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். கண் சிவந்து கிடந்தது, மார்ச்சளி மாதிரி இழுப்பு இருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. ஆனால் அந்த மாதமே அவள் அப்பா வேலையை விட்டுவிட்டு, வேறு எங்கேயோ கூட்டிக்கொண்டு போய்விட்டார். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார், எனக்குத்தான் விளங்கவில்லை. அவள் இப்போது வளர்ந்த பெண்ணாக இருப்பாள். தமிழ் மறந்திருக்கும்.

சகுந்தலா மேடம் மறுநாளே வந்தார். எனக்கு வேலை போய்விடக் கூடாது என்று லட்சுமி அக்கா வீட்டில் விளக்கேற்றிவிட்டு வந்திருந்தார். மேடம் செருப்பைக் கழற்றி, குடையைச் சாத்தி, பாயில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். ரூபியைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நீ ஒண்ணும் தப்பு பண்ணலடா" என்றார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இனிமே வராத புள்ளைக்கு யாரும் நம்பர் சொல்ல வாணாம்மா. காலியா உடு. காலி இருந்தா காலின்னு தெரியணும்." எழுந்து எல்லாத் தலையிலும் கை வைத்து எண்ணினார். கடைசியில் லட்சுமி அக்கா தலையிலும் என் தலையிலும்கூட வைத்தார். எண்ணி முடித்தவர் குடையை எடுக்காமல், முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணினார். அவருக்கும் பயம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரயிலில் ஏழாவது முடிச்சை அப்புறம் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. குரும்பை எண்ணும்போது பிள்ளைகள் ஏழு சொல்வார்கள். ரயிலில் மட்டும் ஆறு என்று ஒரு குரல் வரும், பிறகு சத்தமே இருக்காது, பிறகு எட்டு என்று வரும். வந்து போகிற அதிகாரிகள், "ஏன் டீச்சர், பசங்களுக்கு ஏழு வரலையா?" என்று கேட்பார்கள். வராது சார் என்று சொல்லிவிடுவேன். அந்தச் சத்தமில்லாத நேரத்தில் ஒவ்வொரு நாளும் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது அடித்துக்கொள்ளட்டும் என்றுதான் விட்டு வைத்திருந்தேன்.

இப்போது நீங்கள் செல்போனில் பிள்ளைகளைப் படம் பிடித்து வருகை போடுகிறீர்கள். நல்லதுதான். படம் எடுத்து முடித்ததும் போனைக் கீழே வை, திவ்யா. கையைத் தலையில் வை. இதை ட்ரைனிங்கில் சொல்லு. சிரித்தால் சிரிக்கட்டும்.

எண் வீட்டையும் ஆடு. அதைப் போல நம்பரை மனசில் பதிய வைக்கிற ஆட்டம் வேறு இல்லை. ஆனால் தொட்டிக்குப் பின்னால் கட்டம் போடாதே. கட்டம் எல்லாம் உன் கண்ணெதிரில் இருக்கட்டும். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, பூட்டுவதற்கு முன்னால் பின்பக்கம் ஒரு தடவை போ. அங்கே பேயும் இல்லை, பிசாசும் இல்லை. "ஏழு" என்று கூப்பிடு. யாரும் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நில். யாரும் வரவில்லை என்றால் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ.